கவிழ்த்து வார்த்தது

முகம் கீழே கிடக்கும் எங்கள் வேலையில்.
பலகைப் பெட்டிக்குள் கவிழ்த்துத்தான் வார்ப்போம்.
சிங்க்கின் குழி அச்சில் மேடு,
மேடு, குழி.
இரண்டு வருஷமாகியும் குணபாலன்
இதில் தடுமாறுகிறான்.

மூணாறு தலைப்பு கூப்பிடு தூரம்,
மணல் மட்டும் குவாரியிலிருந்து
தூசியாக லாரியில் வருகிறது.
வெள்ளைச் சிமெண்ட். தண்ணீர் குறைவாக.
கூடினால் விரிசல் விடும்.

நீடாமங்கலம் கேட்டுக்குப் பின்னால் ஷெட்.
நெல் வேகன்களை எஞ்சின்
முன்னும் பின்னும் இழுக்கையில் தரை அதிரும்.
வைப்ரேட்டர் பழுதான அன்று
அதை நம்பி வார்த்தோம்.
குமிழிகள் மேலே வந்து உடைந்தன.
எல்லாம் வரவில்லை என்பது
எட்டாம் நாள் தெரிந்தது,
ஈரச்சாக்கை விலக்கி நாலு பேர் புரட்டியபோது:
அம்மைத் தழும்பு முகம்.

சிமெண்ட் குழம்பை விரலால் தேய்த்துத்
துளை துளையாக அடைத்தேன்.
இருநூறுக்கு மேல் எண்ணவில்லை.
அப்புறம் வைரப் பட்டை,
ஐம்பது, நூறு, நானூறு,
முழங்கை வரை பால் நிறச் சேறு.
எண்ணூறில் கல் கண்ணைத் திறக்கும்.
மூவாயிரத்தில் டியூப்லைட்
உள்ளே விழுந்து கிடக்கும்.

கூத்தாநல்லூர் மெஹருன்னிஸா வீட்டுக்கு.
சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் அவர் கணவர் கேட்டார்,
மஞ்சள் கறை பிடிக்குமா?
பிடிக்கும் என்றேன்.
குணபாலன் என் காலை மிதித்தான்.
புளி?
உடனே துடைக்காவிட்டால் அரிக்கும்.
சீலர் மூன்று பூச்சு போட்டாலுமா?
போட்டாலும்.
போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
பின்னாலிருந்து அந்தம்மா குரல்:
பிடிக்கட்டும், சமைக்கிற வீடுதானே.

ஏற்றும் முன் ஒரு சொம்பு ஊற்றிப் பார்ப்பேன்.
எல்லாம் வடிந்தது.
ஒரு மூலையில் மட்டும்
ஐந்து ரூபாய்க் காசளவு நின்றது.

எங்கள் வயல் கடைமடை.
தண்ணீர் வந்து சேர்வதற்குள்
முறை முடிந்திருக்கும்.
நிற்கிற நீரைக் கலைக்க
எனக்குக் கை வராது.

பீடி ஒன்று தீரும் வரை பார்த்துவிட்டு
மறுபடி ஐம்பதாம் நம்பரை மாட்டினேன்.

வைக்கோல் பரப்பி, முகம் மேலாக வண்டியில் ஏற்றினால்
கேட் போட்டிருந்தது.
தூறல் பிடித்தது.
தொட்டிக்குள் விழுந்தது எதுவும் நிற்காமல்
ஓட்டை வழியே தார் ரோட்டுக்குப் போனது.
குணபாலன் இறங்கி
குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"அப்போ அச்சில்
இந்த மூலை மேடா, பள்ளமா?" என்றான்.
ரயில் இன்னும் வரவில்லை.