நீரை அகற்றிய பின்

சுழியத்துக்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ
அவ்வளவு நல்லது.
கழித்தல் ஒன்பது தசம் நாலு.
இரவு இரண்டேகாலுக்கு, பரந்தனில், வாடகை அறையில்
அந்த எண்ணைப் பார்த்துத்
தனியே கைதட்டினேன்.

நாற்பத்தோராவது மூலக்கூறு. இன்னும் பெயர் இல்லை.
இரண்டு அறுகோண வளையம், நடுவே ஒரு நைதரசன்,
வாலாக நாலு காபன்.
ஏற்பியின் பள்ளத்துக்குள்,
ஒழுங்கைக்குள் பெட்டி கொளுவிய உழவு மெசினைப்
பின்னெடுக்கும் கெங்காதரண்ணனைப் போல
முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து,
முதுகைக் காட்டி, முகத்தைக் காட்டி
கடைசியில் இருந்துவிட்டது.

இதே பள்ளத்தில்தான் கட்டுவிரியனின் விஷமும் இருக்கும்.
காவல் கொட்டிலில் கடித்தபோது
கெங்காதரண்ணனுக்கு நோகவே இல்லை.
விடிய இமை திறக்கவில்லை; நித்திரை என்றார்கள்.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்
வேறொரு மெசின் அவருக்காக மூச்சுவிட்டது.
நரம்பின் சேதி வரும், தொடும், போய்விடும்.
விஷம் வந்தால் போவதில்லை.
அதற்கு முந்தி இருந்து,
சேதி வந்தால் எழும்பி இடம்விடும் ஒன்றை
ஐந்து மாதமாகத் தேடுகிறேன்.
பஸ்ஸில் லேஞ்சி போட்டு சீட் பிடிக்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை பேராதனையிலிருந்து ஹம்சியா எழுதினாள்:
"உன்ர லேஞ்சி இருக்கவே இல்லையடி.
மூன்றுதரம் பார்த்தேன்."

கணக்கைப் பின்னோக்கி வாசித்தேன்.
முதலாம் படி: கோப்பைத் திற.
இரண்டாம் படி: நீர் மூலக்கூறுகளை அகற்று.
எல்லாரும் அகற்றுவார்கள். கணக்கு இலேசாகும்.
நானும் யோசிக்காமல் அழுத்தியிருக்கிறேன்,
இரணைமடுவில் இண்டைக்கு எத்தனை அடி என்று
பல் விளக்க முதலே கேட்கிற ஊரில் இருந்துகொண்டு.

பள்ளத்தின் அடியில் ஒரேயொரு நீர்
இரண்டு கையாலும் புரதத்தைப் பிடித்தபடி
அங்கேயே இருந்திருக்கிறது.
என் நாலு காபனும் போய்க் குந்தியது அதன் இடத்தில்.

திரும்ப வைத்து ஓடவிட்டேன்.
நாற்பத்தொன்று: கழித்தல் ஐந்து தசம் ஒன்று. சரி.
எப்போதோ குப்பையில் போட்ட பதினேழு
மெல்ல இறங்குகிறது,
ஆறு,
ஆறரை,
ஏழு தசம் எட்டு,

கரண்ட் போனது.

ஒழுங்கையில் உழவு மெசின் வெளிச்சம்.
கெங்காதரண்ணன் வயல் காவலுக்குப் போகிறார்.
இடது இமை இன்னும் கொஞ்சம் சரிவுதான்.
பெட்டியில் இந்தமுறை
கால் நாலும் மேலே தெரிய
ஒரு கட்டில்.