சாம்பல் கலப்பது

இரண்டு டப்பா பெயிண்ட், ஒரு கம்பித்தூரிகை,
மயிர் உதிர்ந்த பிரஷ் மூன்று.
பனி மூடுமுன் கணவாய் வரைக்கும்
பாதைக்குறிகளைப் புதுப்பிக்க வேண்டும்.
ஸ்வானெத்தியில் செப்டம்பர்:
பகல் இன்னும் கோடையின் சட்டையில்தான் திரிகிறது,
இரவு கம்பளிக்கு மாறிவிட்டது.

முதலில் வெள்ளை. அது காயும்வரை
பிமுர்சா ஒரு சிகரெட்டைப் பாதி பிடிப்பான்,
மீதியை அணைத்துக் காதில் செருகிக்கொள்வான்.
அப்புறம் நடுவே சிவப்பு, இரண்டு விரல் அகலம்.
"நேரா இழு, பிக்ரியா.
நீ கோணலா இழுத்தா ஆளுங்க கோணலாப் போவாங்க."

பிர்ச் மரங்களின் உச்சியில்
ஒரு கைப்பிடி மஞ்சள், அவ்வளவே.
கீழ்க்கிளையெல்லாம் பச்சை, சேதி எட்டாத ஊர் போல.
செம்பழ மரத்தைக் கரடி உலுக்கித் தின்ற இடத்தில்
முறிந்த கிளையின் வெண்மை ஈரமாக இருந்தது.
அதனால் சத்தமாகப் பேசிக்கொண்டே ஏறினோம்:
மாட்டின் விலை, அவன் மைத்துனனின் டிராக்டர்,
மறுபடி மாட்டின் விலை.

மரம் முடிகிற இடத்தில் பாதை கல்லாகிறது.
நாம் காலை வைத்தபிறகு
நிற்பதா போவதா என்று யோசிக்கிற கல்.
மூச்சு வாங்கியது. தொடை தனியாக நடுங்கியது.
முப்பத்தேழாவது குறி. முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பதைக் காணோம்.

மே மாத மழையில் மலையின் தோள்
சரிந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம்.
கண்ணால் பார்ப்பது வேறு.
பேச்சின் நடுவில் எழுந்து போனவன் மாதிரி
பாதை
சட்டென்று இல்லை.

கீழே, வெகு கீழே, ஆற்றங்கரையில்
படுத்த எருமை போல ஒரு பாறை.
அதன் நெற்றியில் சிவப்பு, வெள்ளை.
போன வருஷம் நான் போட்டது.
உரியவில்லை, வெளுக்கவில்லை. நல்ல பெயிண்ட்.
அந்த உயரத்திலிருந்து உருண்டும்
ஒரு கீறல் இல்லாமல்
ஆற்றுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது.

நான்கு நாளாக மடியில் கட்டிவைத்திருந்த சேதியை
பிமுர்சா அங்கே வைத்துத்தான் அவிழ்த்தான்.
ஆகஸ்டில் ஒரு செக் நாட்டுப் பெண்
அதை நம்பித் தண்ணீரில் இறங்கியிருக்கிறாள்,
பனியாறு உருகி வெள்ளம் ஏறுகிற மதியத்தில்.
குதிரைக்காரன் கயிறு வீசி இழுத்தானாம்.
ஒரு ஷூ போயிற்று, இரண்டு விரல் முறிந்தது.
வேனில் ஏற்றும்போதும் அவள் சொன்னது ஒன்றுதான்:
"குறி இருந்தது. அங்கே குறி இருந்தது."

இருந்தது.

இறங்க ஒரு மணி நேரம்.
அந்தச் சரிவில் கையும் கால்தான்.
கம்பித்தூரிகையால் தேய்த்தேன்.
வெள்ளை போயிற்று. சிவப்பு
கல்லின் துளைகளுக்குள் குடியேறியிருந்தது.
பிமுர்சா டப்பா மூடியில் சாம்பல் கலந்தான்:
வெள்ளை கொஞ்சம், நேற்றைய அடுப்பின் கரி,
ஆற்றுமணல், கடைசியில் எச்சில்.
பாறைக்கென்று ஒரு நிறம் கிடையாது
என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
நிழலில் நீலம், நனைந்தால் கறுப்பு,
பாசி படர்ந்த பக்கம் கடுகு.
மூன்று முறை கலந்து பூசியும்
முட்டியில் ஒட்டுப்போட்ட கால்சட்டை போலத்தான் இருந்தது.
"மிச்சத்தைக் குளிர்காலம் பாத்துக்கும்," என்றான்.
காதிலிருந்த பாதியை எடுத்து
முழுசாக முடித்தான்.

மாடுகள் தாமாக வகுத்த சுற்றுவழியில்
மேலே ஏறி, புதிய முப்பத்தொன்பது.
இப்போது ஒவ்வொரு கல்லையும்
முதலில் தோளால் முட்டிப் பார்க்கிறேன்.
அசையாது என்று தெரிந்தபிறகும்
இன்னொரு முறை.
பிமுர்சா சிரிக்கவில்லை.

நாற்பத்தாறில் வெள்ளை தீர்ந்தது.
பாதி சாம்பலுக்கே போய்விட்டது.
கணவாய்க்கு இன்னும் பதினோரு குறி.
அவன் தூரிகையின் காம்பால் மேலே காட்டினான்:
நேற்றிரவு, எங்களைக் கேட்காமல்,
உச்சி முழுக்க யாரோ
முதல் பூச்சு போட்டிருந்தார்கள்.
அவன் காதைத் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை.
காயட்டும் என்று
உட்கார்ந்திருந்தோம்.