கூட்டக் குறிப்பில் ஏறாதவை

வியாழன் மூன்று மணிக்கு
தேர்வுப் பிரிவுக்குப் பின்னால்
பழைய விடைத்தாள் கட்டுகள் அடுக்கிய அறையில் கூடுவார்கள்.
பெயர் பெரிது: அச்சுறுத்தல் மதிப்பீட்டுக் குழு.
வாசலில் பலகை கிடையாது.
நான் மெகருன்னிசா, தட்டச்சர்.
பேசுவதை அடிப்பேன்.
பேசாததை அடிக்க விசை இல்லை.

பொருள் எண் ஒன்று.
வேதியியல் ஆய்வு மாணவர், ஆறாம் ஆண்டு, அமிர்தகடேசன்.
"கையெழுத்து வரலைன்னா
இந்தக் கட்டடமே இருக்காது"
என்று கேன்டீனில் சொன்னான்.
கேட்டவர்கள் பதினொரு பேர்.
சிரித்தவர்கள் அதில் பாதி.
வந்து சொன்னவள் ஒருத்தி.
"காட்டிக் குடுக்குறேனா மேடம்?" என்று
ஹெப்சிபா டாக்டரின் மேசையில்
பேனா மூடியைத் திருகித் திருகி உடைத்தாளாம்.
அவள் பெயரை அடிக்க வேண்டாம் என்றார்கள்.
அடிக்கவில்லை.

துணைப் பதிவாளர் கடிகாரம் பார்த்தார்.
"டிசி குடுத்து அனுப்புங்க. முடிஞ்சது."
நாகரத்தினம் பட்டாளத்தில் இருந்தவர்,
இப்போது காவல் பொறுப்பு.
"அனுப்பிட்டா கேட்டுக்கு வெளிய நின்னு யோசிப்பான் சார்.
வெளிய எனக்கு ஆள் இல்லை."

டாக்டர் கேட்டதெல்லாம் சின்னக் கேள்விகள்.
தூங்குகிறானா.
தேதி ஏதும் சொன்னானா.
எதையாவது யாருக்காவது கொடுத்துவிட்டானா.
கடைசியாக யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.
அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.
விடுதிக் காப்பாளர் சௌரிராஜன் மட்டும்
மெஸ் பேரேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"நாப்பத்தோரு நாளா இவன் பேர்ல ஒரு கோடுகூட இல்லைங்க" என்றார்.
அவர் குரலில் ஏதோ சிக்கியிருந்தது.

பிறகு ஆய்வக உதவியாளர் வந்து
பதிவேட்டை வைத்தார்.
அசிட்டோன், இரண்டரை லிட்டர், இரண்டு பாட்டில்.
வாங்கியவர் கையெழுத்து, தெளிவாக.
மின்விசிறிச் சத்தம் மட்டும்.
அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
என் மகள் விலங்கியல் படிக்கிறாள்.
இதையும் நான் அடிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி.
கோரையாறு கலங்கல் புரண்டு போனது.
நட்டு மாதமாகாத சம்பாவில் ஒருவர்
வரப்பின் நண்டு வளையைக்
குதிகாலால் மிதித்து மிதித்து அடைத்தார்.
கொஞ்சம் மண்தான்.
அதுவும் காலடியில் கிடந்ததுதான்.

அன்று மாலையே
ஆய்வகக் கட்டடத்தைக் காலி செய்து பூட்டினார்கள்.
இன்ஸ்பெக்டருக்கு ஒரு வார்த்தை, சைரன் வேண்டாமென்று.
சீருடையைக் கழற்றிவிட்டு நாகரத்தினமும்
குடையை மறந்துவிட்டு டாக்டரும்
அவன் அறைக்கு நடந்தார்கள்.

கட்டிலடியில் பாட்டில்கள். ஒன்றில் சீல் உடையவில்லை.
பிஸ்கட் உறைகள்.
எட்டு மாதமாக வராத உதவித்தொகைக்கு
எழுதிய மனுக்களின் நகல்கள், தேதிவாரியாக.
அவன் ஆய்வேடு
நெறியாளரின் இழுப்பறையில் பதினான்கு மாதம்.
"எடுத்துட்டுப் போயிடுங்க" என்றானாம்.
"பக்கத்துல இருந்தா தூக்கம் வரலை."

தஞ்சாவூரில் மருத்துவர்.
கூடப் போய்வரச் சௌரிராஜன்.
வேறு நெறியாளர். மெஸ் டோக்கன்.
திங்கள்தோறும் வாயிற்காவல் அறையில்
நாகரத்தினத்தோடு ஒரு டீ,
அவர் சர்க்கரை அதிகம் போடுகிறார் என்று புகார்.
பழைய நெறியாளர் மீது விசாரணை
'பரிசீலனையில்' இருக்கிறது.
அந்தச் சொல்லை இந்த வருடம்
ஒன்பது முறை அடித்திருக்கிறேன்.

தடுத்தோமா?
ஆண்டறிக்கையில் நடக்காதவற்றுக்குக் கட்டம் இல்லை.
வந்து சொன்ன பெண்
மன்னார்குடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் வருவாள்.
ஒரு நாள் ஜன்னல் கதவு இறங்காமல் திணறினாள்,
சாரல் அடித்தது.
எழுந்துபோய் இறக்கிவிட்டேன்.
அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

குறிப்பைச் சேமிக்கும்போது
அவன் பெயருக்கு அடியில் சிவப்பு நெளிகோடு.
கணினிக்குத் திருக்கடையூர்ப் பெயர் தெரியாது.
திருத்தட்டுமா என்று கேட்டது.
வேண்டாம்,
அகராதியில் சேர் என்று அழுத்தினேன்.