உள்ளான்

எம்டன் என்றால் நாம் ஆளைச் சொல்வோம்,
எதற்கும் மசியாத ஆளை.
இங்கே அது ஒரு துறைமுகம்.
மழைக்கு மசிந்து மசிந்து
செங்கல்லெல்லாம் பாசி.

புதன்கிழமை. தேநீர்க்கடையின் பின்னறை.
சூட்டில் கற்கண்டு விரிசல் விடுகிறது கோப்பைக்குள்.
ஓதக் கணக்குச் சொல்லும் நிரலைப்
பன்னிரண்டு வருடம் சும்மா எழுதி
சும்மா கொடுத்தவர்கள்
இன்று சங்கமாகிறார்கள்.

காரணம், யூயிஸ்ட் தீவில் செத்துப்போன ஒருத்தி.
தன் படகு தரைதட்டாத ஒவ்வொரு வருடத்துக்கும்
இருநூறு யூரோ என்று கணக்குப் போட்டு
நிரலின் பெயருக்கே எழுதிவைத்துவிட்டாள்.
யார் இது, என்றது வங்கி.
யாருமில்லை என்பதுதான் உண்மை.
யாருமில்லாத கையில்
சட்டம் காசு வைப்பதில்லை.

ஃபோல்கெர்ட் விதிகளை வாசிக்கிறான்
(பகலில் லாரிகளை எடைபோடுபவன்).
"பிரிவு இரண்டு. இச்சங்கம் தன்னலமற்றது."
கெஷே சிரித்துவிட்டாள்.
"என் படகு சேற்றில் சிக்கிய ஆத்திரத்தில்தானே
முதல் வரியை எழுதினேன்?"
ஆனாலும் எழுதித் தர வேண்டுமாம்.
தந்தோம்.

"பிரிவு பதினொன்று. சங்கம் கலைந்தால்
மிச்சச் சொத்து யாருக்கு?"
இன்னும் பிறக்கவே இல்லை, அதற்குள் உயில்.
ஒன்றரை மணிநேரம் இதற்கு மட்டும் சண்டை.
கடல்மீட்புப் படகுகளுக்கு என்று முடிந்தது.
வாழப்போவதைப் பற்றிப் பேச
ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

பிறகு தலைகளை எண்ணினோம்.
ஏழு பேர் வேண்டும், ஒன்றுகூடக் குறையாமல்.
கெஷே. ஃபோல்கெர்ட்.
ஒருவரோடொருவர் பேசாத இரட்டையர், ஹாரோவும் ஹிஸ்கேயும்.
குரோனிங்கனிலிருந்து ரயிலேறி வந்த மார்லூஸ்.
நான், பொருளாளர்,
வேறு யாரும் கைதூக்காததால்.

ஆறு.

ஏழாவது, உள்ளான்.
அலைநுனியில் ஓடி ஓடிக் கொத்துமே, அந்தக் குருவி.
திரையில் அந்தப் பெயரில்தான் வருவான்.
வருவாளோ என்னவோ.
இவர்கள் மொழியில் அதற்கு வேறு சொல்,
மனதுக்குள் நான் தமிழில் கூப்பிடுவது.
பத்தில் ஆறு வரி அந்தக் கை எழுதியது.
டொல்லார்ட் சேற்றின் ஒவ்வொரு பள்ளமும் அதற்குத் தெரியும்.
முகம் யாரும் பார்த்ததில்லை.

பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி கேட்டு
மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.
பதிலாக வந்தது ஒரு திருத்தம்:
லீப் வருடத்துப் பெப்ரவரிக் கடைசியில்
தண்ணீர் ஒருநாள் பிந்தி ஏறும் பிழை
சரியாகியிருந்தது.
அடியில், "பெயர் தர முடியாது. காரணம் கேட்க வேண்டாம்."
கேட்கவில்லை.
கடனிலிருந்து ஒளிந்திருக்கலாம், ஒரு கணவனிடமிருந்தும்.
வெறும் கூச்சமாகவும் இருக்கலாம்.

மணி ஒன்பதே முக்கால்.
கோப்பைகளை எடுக்க வந்த தொம்மா
"எதற்குக் கையெழுத்து?" என்றாள்.
ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று
சொல்லும் நிரலுக்கு.
"ஜன்னலைத் திறந்தால் தெரியாதா?"
ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து
ஏழாவதாகப் போட்டாள்.
ஒரு எழுத்து மட்டும் கொஞ்சம் கரைந்தது.

ஏழு வாரம் கழித்துப் பதிவு எண் வந்தது.
வங்கி மசிந்தது.
ஆயிரத்து எண்ணூறு யூரோ
இப்போது யாரோ ஒருவருடையது,
எங்கள் யாருடையதும் இல்லை.

முதல் ஆண்டுக் கூட்டத்துக்கு
தொம்மா பிளம்ஸ் கேக்கோடு வந்தாள், வாக்களித்தாள்,
கணக்கில் நான் விட்ட நாற்பது சென்ட்டைக் கண்டுபிடித்தாள்.
முந்தின இரவு, இரண்டே முக்காலுக்கு,
மதகின் அளவுகோலோடு ஒப்பிட்டு
மூன்று சென்டிமீட்டர் திருத்தியிருந்தது ஒரு கை.

வருகைப்பதிவில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.
தணிக்கைக்கு வந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
என்ன கிறுக்கல் இது, என்றார்.

பறவை, என்றேன்.