ரேகை விழவில்லை

கையை இதன்மேல் வையுங்கள், பூமயில்.
உள்ளங்கை கீழே இருக்கட்டும். ஆடக் கூடாது.
மூச்சை அடக்க வேண்டாம், அது நெஞ்சுப் படத்துக்கு.
அவளோ அதற்குள் அடக்கிவிட்டாள்.
பாசிக்கு முங்குகிறவளிடம்
அசையாதே என்றால் அதுதான் அர்த்தம்.

மண்டபத்து உப்புக்காற்று தின்ற மேசையில்
கை கிடக்கிறது, மணிக்கட்டில்
அகப்பைக் காம்பு வளைந்த மாதிரி.
விரல்நுனிகளில் துணி சுற்றிய தடம்.
தோல் அங்கே ஊறி, வெளுத்து, பாறையில் தேய்ந்து
ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை.

"ரேஷன் கடை மெஷின்ல ரேகை விழலங்குறாக.
ரெண்டு மாசமா அரிசி இல்ல.
நான் நாந்தான்னு யாருகிட்ட போய்ச் சொல்ல?"

தேய்ந்தது மேல்தோல்தான் என்றேன்.
செத்த செல்கள் ஓலைமேல் ஓலையாய்ப் படிந்த கூரை அது.
அடியிலிருந்து புதியது ஏறி வர
ஒரு மாதம் போல ஆகும்.
ரேகையின் அச்சு அதற்கும் கீழே,
உள்தோலின் மேடு பள்ளத்தில் இருக்கிறது;
நீங்கள் அம்மா வயிற்றுத் தண்ணீரில் கிடந்தபோது போட்டது.
பாறை அவ்வளவு தூரம் போகாது.
கையைக் கொஞ்ச நாள் சும்மா வைத்திருந்தால் வரும்.

சும்மா என்றதற்குச் சிரித்தாள்.

படம் வந்தது.
கட்டைவிரல் பக்கத்து எலும்பு, ஆரை,
மணிக்கட்டுக்கு ஓர் அங்குலம் மேலே முறிந்திருந்தது.
இன்றைய முறிவு: விளிம்பெல்லாம் உடைந்த சிப்பியின் கூர்மை.
சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, அரந்தி.
அதில், முன்கையின் நடுவில், இன்னொன்று.
பழசு. கூடித் தடித்த முடிச்சு, லேசான வளைவு.

வழுக்கி விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள்,
பெரும்பாலும் ஆரை போகும்.
அரந்தி மட்டும் தனியாக நடுவில் உடைந்தால்
முகத்துக்கு வந்த எதையோ
கையால் தடுத்திருக்கிறார்கள் என்று
எங்களுக்குப் பாடத்தில் உண்டு.

அவள் படத்தைப் பார்த்தாள்.
பிறகு நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள்.

"எங்க விழுந்தேன்னு எழுதுவியளா?
தீவுப் பக்கம்னு போட்டுறாதிய,
பாரஸ்ட்டு ஆளுக வந்துருவாக."
கரைப்பாறை என்று எழுதினேன்.
"அதையும்," என்றாள், முடிச்சை மோவாயால் காட்டி.
"அதையும் எழுத வேணாம்."

எத்தனை வருஷம்?
"பன்னெண்டு. அந்த ஆளும் இப்ப இல்ல."

எலும்பைக் கல் என்று நினைக்கிறோம்.
அதற்குள் ரத்தம் ஓடுகிறது.
அரிக்கிற செல்கள் முன்னால் அரித்துப் போக
கட்டுகிற செல்கள் பின்னாலேயே வந்து பூசுகின்றன,
நாம் தூங்கும்போதும்.
ஏறக்குறைய பத்து வருஷத்தில் எலும்புக்கூடே மாறிவிடுகிறது.
அன்று அடி வாங்கிய எலும்பு, அப்படியானால்,
இவளிடம் அநேகமாக இல்லை.
வளைவு மட்டும் தங்கிவிட்டது,
ஒவ்வொரு பலகையாய் மாற்றிய பிறகும்
பழைய பக்கமே சாய்ந்து மிதக்கும் வள்ளம் மாதிரி.

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம்.
கரண்டு போய்விட்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு.
ஒற்றைக் கையோடு கடலில் இறங்க முடியாததால்
மற்றக் கைக்கும் விடுப்பு.
கட்டை வெட்டிய அன்று தோல்
செதில் செதிலாய் மேசையில் உதிர்ந்தது.
அவள் வெட்கப்பட்டுத் துடைக்கப் போனாள்.
படத்தில் முறிவைச் சுற்றி மங்கலாய், பஞ்சு ஒட்டினாற்போல்,
புது எலும்பு.

அங்கிருந்து நேரே ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள்.
ஆள்காட்டி விரல். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு.
அரிசி, சீனி, ஒரு பாக்கெட் பருப்பு.
விட்டுப்போன மாசத்து அரிசி கிடையாதாம்.

மறுவாரம் பாம்பன் கரையில் பார்த்தேன்,
விரலுக்குச் சுற்றப் பழைய சேலையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள்.
இன்னும் பளு தூக்கக் கூடாது என்றேன்.
"தண்ணிக்குள்ள பாசி கனக்காது," என்றாள்,
துணி வாயில் இருக்க.