சன்னல் பக்கம்

நேற்றுப் பின்னேரம் யசோதரன் பிணையில் போனான்.
போகும்போது கோப்பையை என்னிடம் தந்தான்,
சவர்க்காரத் துண்டை நிஸ்தாருக்கு.
சன்னல் பக்கத்தை ஒருவருக்கும் தரவில்லை.
அது தானாக வரும்.

இங்கே படுக்கை ஒரு வரிசை.
புதிதாக வருகிறவன் கக்கூஸ் வாசலில் தொடங்குவான்.
முன்னால் ஒருவன் போனால்
ஒன்றரைச் சாண் நகர்வான்.
நாற்பது பேருக்குக் கட்டிய மண்டபம்,
நூற்றிப் பதினேழு பேர்,
எல்லோரும் ஒருக்களித்து, எல்லோரும் ஒரே பக்கம்.
நடுச்சாமத்தில் யாரோ "மற்றப் பக்கம்" என்பான்;
சுவர் தொடங்கிச் சுவர்வரை
நித்திரையிலேயே புரளுவோம்.

பதினொரு மாதம் நகர்ந்து
இப்போது சன்னல் பக்கம் எனக்கு.
பொடியங்கள் கைகொடுத்தார்கள், சிரித்தேன்.
பிறகுதான் விளங்கியது:
எனக்கு முன்னால் வந்த அத்தனை பேரும்
போய்விட்டார்கள்,
அதுதான் இந்தக் காற்று.

என் வழக்கு மணல்.
மூன்று கியூப், கனகராயன் ஆற்றில் ஏற்றியது.
அனுமதிப்பத்திரத்தில் யாரோ திகதியைச் சுரண்டியிருந்தான்.
அது பெரிய விசயமில்லை என்றார் சட்டத்தரணி.
மறித்த பொலிஸ்காரர்மேல் ஏற்ற வந்தேன் என்று
இன்னுமொரு வரி இருக்கிறதாம்.
சிங்களத்தில் எழுதினார்கள்,
தமிழில் கையெழுத்து வைத்தேன்.

டிப்பர் இன்னும் பொலிஸ் வளவில் நிற்கிறது.
பஸ்ஸில் போகும்போது தவமலர் பார்த்தாளாம்:
சான்றுப்பொருளில் புல் முளைத்திருக்கிறது,
பின்பக்கம் ஒரு பூசணிக்கொடி, இரண்டு பூ.
மாரி மழைக்கு மணல் கசிந்து கசிந்து
அரைவாசிதான் மிச்சம்.
"முழுக்கக் கரையட்டும் மச்சான்,
உன்னை விட்டிடுவாங்கள்" என்றான் நிஸ்தார்.
அவன் மேல் முதிரைக் குற்றி வழக்கு.
அவனுடைய சான்றுப்பொருளைக் கறையான் தின்கிறது.

தவணைக்கு இரண்டு பேருக்கு ஒரு விலங்கு.
எனக்கு எப்போதும் இடக்கைக்காரன் ஒருவன் அகப்படுவான்;
மூக்குச் சொறிய நான் கையைத் தூக்கினால்
அவன் தேத்தண்ணி சிந்தும்.
கூண்டில் ஏறி, பெயருக்குத் தலையாட்டி, இறங்க
ஒரு நிமிசம் போகாது.
பதினாலு நாள்.
இதுவரை இருபத்திமூன்று பதினாலு.

ஞாயிறு பிட்டு வரும்.
முதல் மாதங்களில் காவலர் கம்பியால் கிளறி
ஏதும் புதைத்திருக்கிறதா என்று பார்த்தார்.
இப்போது தவமலர் வீட்டிலேயே உதிர்த்துத்தான் அனுப்புகிறாள்.
அவர் அதையும் கிளறினார்,
பிறகு என்னவோ நினைத்து
கம்பியைத் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

சன்னல் உயரம்.
தெரிவது தண்ணீர்த் தாங்கியில் பாதி,
ஒரு வயர், வயரில் ஒரு கிழிந்த பட்டம்.
ஆனால் சத்தம் முழுதாக வரும்.
இரவு ரயில் வவுனியாவை விட்டு வடக்கே எடுக்கும்போது
எண்ணத் தொடங்குவேன்.
ஓமந்தை தாண்டி, புளியங்குளத்தில்
தண்டவாளத்துக்குப் பின்னால் என் வீடு;
ரயில் போனால் குசினித் தட்டில்
சில்வர் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டும்.
ஆயிரத்து இருநூறில் முட்டும்.
ஒருமுறையும் பிழைத்ததில்லை என்றுதான் நினைக்கிறேன்,
ஆரிடம் கேட்பது.

இன்றைக்கு ஒரு பொடியன் வந்தான்.
செட்டிகுளம், பதினெட்டு வயது, பற்றரி களவு.
கக்கூஸ் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு
"எத்தினை நாள் இருக்கும் அண்ணை?" என்று
பொதுவாகக் கேட்டான்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒரு ராவுக்கு அவனை இங்கே படுக்க விடுவோமா என்றேன்.
"வரிசை குழம்பும்" என்றான் நிஸ்தார்,
கண்ணைத் திறக்காமல்.
சரிதான். நானும் வற்புறுத்தவில்லை.

ரயில் எடுத்தது.
எண்ணினேன்.
தொள்ளாயிரத்து நாற்பதோ ஐம்பதோ,
யாரோ "மற்றப் பக்கம்" என்றான்.
எல்லோரும் புரண்டோம்.
புதியவன் பிந்திப் புரண்டான்,
அவனுடைய முழங்கை ஆரிலோ பட்டு
ஒரு தூசணம் கேட்டது.
அதற்குள் எண் தவறிவிட்டது.