செயப்பாட்டுவினை

சொல்லுக்கு முப்பது பைசா.
நான்காம் அத்தியாயம் வந்திருக்கிறது,
பதினோராயிரம் சொல்.
ஒரு 'தி' கூட இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

குறை சொல்ல மாட்டேன்.
ஷூயே பேசிப் பிறந்த பாஷையில் அது கிடையாது,
என் பாஷையிலும் கிடையாது.
குழம்பில் உப்புப் பார்ப்பதுபோலத்தான் நான் போடுகிறேன்,
விதியைக் கேட்டால் முழிப்பேன்.

லியாங் ஷூயே, சிங்தாவ்,
முனைவர் பட்டம் மூன்றாம் வருடம்.
கடல் அட்டைக் குஞ்சு
பொடி மணலில் சீக்கிரம் கனக்குமா, பருமணலிலா,
இதற்குத்தான் இருநூற்று நாற்பது பக்கம்.
நான் வேதாளை. பில்லில் மட்டும்
ஹாஜரா பீவி, மொழித் திருத்துநர்.
எங்கள் வாசலிலிருந்து கடல் நாலு நிமிடம்.
அந்த நாலு நிமிடத்தில் அட்டை என்று
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

மேற்கோள் முப்பத்தாறில் எங்கள் கடல் வந்தது.
மன்னாரை மேனர் என்று அடித்திருந்தாள்,
ஏதோ ஜமீன் பங்களா மாதிரி.
ஓர் எழுத்தைச் சேர்த்து, ஓர் எழுத்தை மாற்றி
கடலை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

முந்தாநாள் ஓரக்குறிப்பில் கேட்டேன்:
'வீ' என்று எழுதுகிறாயே,
அதில் படிக்கிறவரும் சேர்த்தியா,
நீயும் உன் ஆய்வகமும் மட்டுமா?
எங்களுக்கு அது இரண்டு சொல். நாம், நாங்கள்.

அங்கே இரண்டரை மணி முந்தியே விடிந்துவிடும்.
நான் எழும்போது பதில் காத்திருந்தது:
எங்கள் வடக்குப் பக்கமும் இரண்டுதான்.
சாப்பிடக் கூப்பிடும்போது ஒன்று,
கோபத்தில் கதவைச் சாத்தும்போது இன்னொன்று.
ஆங்கிலத்தில் ஒன்றுதானே இருக்கிறது,
எல்லாரையும் அதிலேயே ஏற்றிவிட்டேன்.

தோணி தாழ்ந்துவிடும் என்று எழுதப் போய்
அழித்துவிட்டேன்.
திருத்த ஒன்றுமில்லாத அந்த வரிக்கும்
காசு வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு 'முறைகள்' பகுதி.
மாதிரிகள் சேகரிக்கப்பட்டன.
குடல் நீக்கப்பட்டது.
எடை குறிக்கப்பட்டது.
எந்தக் கை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.
ஆய்வேட்டில் கையை மறைப்பதுதான் மரியாதை.

கொழுந்தன் செய்யது கனியின் குற்றப்பத்திரிகையில்
அந்த மரியாதை இல்லை.
தகப்பன் பெயர், வயது முப்பத்தொன்று,
மேற்படி எதிரி பிடித்தார்,
மேற்படி எதிரி சாக்கில் கட்டினார்,
மேற்படி எதிரி நூற்றுப் பதினாறு கிலோவை
உயிருடன் தோணியில் ஏற்றினார்.
ஒவ்வொரு வினைக்கும் முன்னால் அவன் நிற்கிறான்,
தண்ணீர் சொட்டச் சொட்ட.

வக்கீல் வேறு இலக்கணம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்:
"அட்டை தானா வலையில ஏறிருச்சுங்கய்யா."
கனி அதை மூன்று வருடமாக மனப்பாடம் செய்கிறான்.
சொல்லும்போதெல்லாம் அவன் கை
இடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறது.

ஷூயேயிடம் இதெல்லாம் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது?
அவள் தொட்டியில் வளர்த்த அட்டை அவளுடையது.
அவளுக்கும் ஒரு பேராசிரியர் இருக்கிறார்,
சிவப்பு மையில் எழுதுகிறவர்:
'இதை ஆங்கிலேயர் யாராவது பார்த்தார்களா?'
பார்த்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டாளாம்.
நான் சிரித்த சிரிப்பில்
பூனை மேசையிலிருந்து குதித்துவிட்டது.

ராத்திரி கடைசிப் பக்கம் வந்தது, நன்றியுரை.
என் பெயரைப் போடத்தான் அவளுக்கு ஆசை,
ஊரோடு.
போட்டால் கேள்வி வரும் என்று இருவருக்கும் தெரியும்.
அதனால் இப்படி எழுதியிருந்தாள்:
இந்த ஏட்டின் மொழி திருத்தப்பட்டது.

இரண்டு தடவை படித்தேன்.
இலக்கணம் சரி.
விடுபட்டிருந்த ஒரு 'தி'யைப் போட்டு
அனுப்பிவிட்டேன்.

விடிந்தால் வியாழன், பதினேழாம் வாய்தா.
ராமநாதபுரத்துக்கு முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு.
அடுத்த அறையில் கனி
வெள்ளைச் சட்டை தேடுகிறான்,
ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து.